கையில் ஒட்டிய கபாலம்

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலையின் கிரிவலப் பாதை ஓரத்து டீக்கடைகளில் சாமிப் பேச்சு மட்டும் நடப்பதில்லை. 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்து வந்தவர்கள் உள்ளங்காலைத் தேய்த்தபடி உட்காருவார்கள். வீட்டுக் கடன், மகளுக்கு வந்த வரன் என்று தொடங்கும் பேச்சு, போன வாரம் போனில் பார்த்த வெப் சீரிஸில் வந்து நிற்கும். அங்கே ஒரு தீர்ப்பு அடிக்கடி காதில் விழும்: "கேஸு செமையா போவுதுப்பா. நடுவுல அந்த போலீஸோட வூட்டுக் கதையைப் போட்டு இழுத்துட்டானுங்க. அதை வெட்டியிருந்தா படம் பறந்திருக்கும்."

டீக்கடைக்காரர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வார இதழ் விமர்சனங்களிலும் யூடியூப் விமர்சனங்களிலும் இதே தீர்ப்புதான் கொஞ்சம் மெருகேறி வருகிறது. கொலைகாரன் யாரென்று கடைசிவரை தெரியாவிட்டால் நல்ல படம், முன்பே தெரிந்துவிட்டால் தோல்விப் படம். துப்பறிகிறவரின் தங்கை காணாமல் போயிருந்தால் செண்டிமெண்ட். அவருக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் இரண்டாம் பாதி தொய்வு. இன்று தமிழில் மர்மக் கதைகளை அளக்கப் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கும் கோல் இதுதான். இந்தக் கோல் கோணல். இதை வைத்து அளந்தால் நம்முடைய நல்ல மர்மக் கதைகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறதோ அந்த இடத்திலேயே மதிப்பெண் இழக்கும்.

'சுழல்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. புஷ்கரும் காயத்ரியும் எழுதினார்கள், பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள், எட்டுப் பாகங்கள். சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும்போது சிமெண்ட் ஆலை பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் சப் இன்ஸ்பெக்டர் சக்கரையும் தேடுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போன மூத்த மகள் நந்தினி, தங்கைக்காகத் திரும்பி வந்து தானும் தேடுகிறாள். நிலா காதலித்தது ரெஜினாவின் மகன் அதிசயத்தை என்று தெரியவருகிறது. இரண்டு பிள்ளைகளும் பிணமாகக் கிடைக்கிறார்கள். முடிவில் எல்லாவற்றுக்கும் வேர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குற்றவாளி சண்முகத்தின் உடன்பிறந்தவன் குணா. நந்தினி சிறுமியாக இருந்தபோது அவளைச் சீரழித்தவனும் அவன்தான்.

முடிவை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று சிலர் கோபப்படக்கூடும். அந்தக் கோபத்தோடுதான் இந்தக் கட்டுரைக்கு வழக்கு.

'சுழல்' வந்தபோது பலர் பெருமையாகச் சொன்னார்கள்: "அந்த ஆளுதான்னு எனக்கு அப்பவே தெரியும்." யூகித்ததாகச் சொன்ன ஒவ்வொருவரும் அதைத் தொடரின் தோல்வியாகவே கணக்கு வைத்தார்கள். ஒரு கேள்வியை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. திரைக்கு வெளியே சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்குச் சில மணி நேரத்தில் தெரிந்தது, அதே வீட்டில் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டவர்களுக்கு இருபது வருடமாக ஏன் தெரியவில்லை? தெரியாமல் இருந்ததா, தெரிந்துகொள்ள விரும்பாமல் இருந்ததா? தொடர் விசாரிப்பது அதைத்தான். குற்றவாளியின் பெயர் அதில் ஒரு தகவல், அவ்வளவே.

நாட்டின் நிலவரம் தெரிந்தவர்களுக்கு இந்த முடிவு யூகிக்க முடிவதாக இருப்பது இயல்பு. மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாக 53 சதவீதக் குழந்தைகள் சொன்னார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கைகளிலும் அதே கதைதான். பத்தில் ஒன்பது வழக்குகளுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் புகார் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. வீட்டின் மௌனத்தையே குற்றமாக்கிய சட்டம் இது. சட்டமே வீட்டுக்குள் நுழைந்துவிட்ட பிறகு, கதை மட்டும் வாசலில் செருப்போடு நிற்க வேண்டுமென்றால் எப்படி?

சரி, யூகிக்க முடியாத முடிவைத் தந்து எல்லோரிடமும் கைதட்டு வாங்கிய ஒரு படத்தைப் பார்ப்போம். ராம்குமார் இயக்கி 2018 அக்டோபரில் வந்த 'ராட்சசன்'. இருக்கை நுனியில் உட்கார வைத்த படம் என்பதில் சந்தேகமில்லை. அதன் நாயகன் அருணுக்கும் குடும்ப வலி உண்டு, அக்கா மகள் அம்மு பலியாகிறாள். அந்தப் படத்தில் இன்பராஜ் என்று ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறான். மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டி மாணவிகளைத் தொடுகிறவன். பார்க்கிறவர்கள் அவனே கொலைகாரன் என்று நினைக்கும்படி வைத்துவிட்டு, பாதியில் அவன் கணக்கை முடித்துவிட்டுப் படம் உண்மையான கொலைகாரனைத் தேடி ஓடுகிறது. அந்தக் கொலைகாரன் மாயாஜாலப் பெட்டி தூக்கிக்கொண்டு வேஷம் போட்டு வரும் ஒரு விநோத மனிதன். ஆசிரியர்தான் நம் ஊர்களில் நிஜமாக இருக்கிறவன். பிள்ளைகள் தினமும் பார்க்கிற முகம் அவனுடையது. ஆனால் படத்தில் அவன் வெறும் திசைதிருப்பல். பிள்ளைகள் பயப்பட வேண்டிய ஆளைக் கண்ணுக்கு முன் நிறுத்திவிட்டு, "இவன் இல்லை, வா" என்று கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதைத்தான் நாம் வேகம் என்று கொண்டாடினோம். தியேட்டரை விட்டு வரும்போது எல்லோருக்கும் ஒரு நிம்மதி: அந்த மாதிரி ஆள் நம் தெருவில் இல்லை. இந்த நிம்மதியைத் தராததுதான் 'சுழல்' செய்த தவறு போலிருக்கிறது.

யூகத்தை வைத்தே மதிப்புப் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. பேருந்து நிலையத்தில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்த மாத நாவல்கள் கற்றுத் தந்தது. தமிழ்வாணனின் சங்கர்லாலிலிருந்து சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் வரை அந்தத் துப்பறிவாளர்கள் யாருக்கும் காயம் கிடையாது. புத்திசாலிகள், வேடிக்கையாகப் பேசுகிறவர்கள், அடுத்த மாதம் புத்தம் புதிதாக இன்னொரு வழக்குக்கு வந்து நிற்கிறவர்கள். ஒரு தலைமுறையைப் படிக்க வைத்த எழுத்து அது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. மாதா மாதம் வருகிற நாவலில் துப்பறிகிறவர் மாறவே கூடாது, மாறினால் அடுத்த மாதம் கதை ஓடாது. ஓர் அச்சக ஏற்பாட்டின் தேவைக்காக உண்டான விதியை எடுத்துக்கொண்டு வந்து, எட்டுப் பாகத் தொடரின் மேல் சாத்துவது நியாயமா?

குடும்பக் காயத்தோடு வரும் துப்பறிவாளர் மேல்நாட்டுச் சரக்கு என்று இன்னொரு வாதம் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இறக்குமதியான துயர முகம், நமக்கு ஒட்டாது என்பார்கள். 2021இல் கேட் வின்ஸ்லெட் நடித்த 'மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்' போன்ற தொடர்களின் சாயல் நம்மவர்கள் மேல் விழுந்திருக்கலாம். அதற்காக, வீட்டையும் மர்மத்தையும் சேர்த்துக் கட்டுவது நமக்குப் புதிது என்று சொல்வது நம் வரலாற்றையே மறப்பது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவலில் மேனகாவை விற்றது வழிப்பறிக்காரனா? கணவனின் உடன்பிறந்த அக்காமார்களே சதிக்குத் துணை நின்றார்கள். அந்தக் கதை 1935இல் பேசும் படமாகவும் வந்தது. எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வந்த 'அந்த நாள்', பாட்டே இல்லாத படம். சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943 அக்டோபரில் ஒரு பொறியாளர் சுடப்பட்டுச் சாகிறார். ஜாவர் சீதாராமன் நடித்த சிஐடி அதிகாரி வீடு வீடாக, ஆள் ஆளாக விசாரித்து முடிக்கும்போது துப்பாக்கி வெடித்த கை மனைவியின் கை. தமிழ் மர்மக் கதை பிறந்ததிலிருந்தே வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் வெளியூர் போயிருந்தது.

இன்னும் பின்னே போகலாம். சோஃபக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் நாடகத்தில் முந்தைய அரசனைக் கொன்றவன் யார் என்று விசாரிக்கும் அரசன், விசாரணையின் முடிவில் தன் அப்பாவைக் கொன்றது தான்தான் என்று கண்டுபிடிக்கிறான். ஏதென்ஸில் அதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முடிவு முன்பே தெரியும். தெரிந்தும் வந்து உட்கார்ந்தார்கள்.

நமக்கும் தெரிந்த முடிவுகள் புதிதல்ல. திருவண்ணாமலையின் தலபுராணமே ஒரு தேடல் கதை. ஜோதியின் அடியும் முடியும் தேடிப் போன இருவரில் பிரம்மா, முடியைப் பார்த்துவிட்டதாகப் பொய் சொல்கிறார். தாழம்பூ அதற்குப் பொய்ச்சாட்சி சொல்கிறது. எத்தனை தலைமுறையாகக் கேட்டாலும் அந்தக் கதையில் மனதில் நிற்பது ஜோதியின் நீளம் இல்லை. யார் பொய் சொன்னது, யார் அதற்குத் துணை போனது என்பதே. அந்த லிங்கோத்பவ இரவு என்று சொல்லப்படும் மகா சிவராத்திரி முடிந்த கையோடு, பக்கத்தில் மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. பிரம்மாவின் தலையைக் கொய்த பாவம் கபாலமாகிச் சிவனின் கையில் ஒட்டிக்கொள்கிறது. கையில் விழும் சோற்றையெல்லாம் கபாலமே தின்றுவிடுகிறது, பிச்சை எடுத்தவருக்குப் பசி தீரவில்லை. சுடுகாட்டில் அம்மன் சோற்றைச் சூறைவிட, கபாலம் கையைவிட்டு இறங்கித் தின்னப் போகிறது. அம்மன் அதை மிதித்து அடக்குகிறாள்.

'சுழல்' இந்தத் திருவிழாவை வண்ணத்துக்காக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு நந்தினியே சாட்சி. அவள் கையிலும் கபாலம் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அவள் சோற்றை அதுதான் தின்னும். அது விழ வேண்டுமென்றால் எந்த இடத்தில் ஒட்டியதோ அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். தங்கையைத் தேடும் விசாரணையும் அவளுடைய பழைய காயமும் இரண்டு கதைகளாக ஓடவில்லை. ஒரே சரட்டில் முறுக்கிய இரண்டு இழை. நந்தினியின் கடந்த காலத்தைக் கத்தரித்தால், நிலாவின் வழக்குக்கு விடையே கிடையாது.

பின்கதை கொண்ட துப்பறிவாளர் படங்களை மதிப்பிட இந்தக் கேள்வி ஒன்று போதும்: பின்கதையை உருவி எடுத்துப் பாருங்கள், வழக்கு அப்படியே நிற்கிறதா? நின்றால் அது அலங்காரம். சரிந்து விழுந்தால் அதுதான் தூண்.

இந்தக் கேள்வியை வைத்தால் சில செல்லப் படங்களுக்கும் அடி விழும், விழட்டும். 2006இல் வந்த 'வேட்டையாடு விளையாடு'வில் போலீஸ் அதிகாரி ராகவனின் மனைவி கயல்விழி வரும் காட்சிகள் இனிமையானவை. அந்தப் பாட்டும் சிரிப்பும் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அவளை எடுத்துவிட்டால் இளமாறன், அமுதன் என்ற கொலைகாரர்களின் வழக்குக்கு ஒரு கீறலும் விழாது. அவள் சாவு ராகவனின் கண்ணை மாற்றவில்லை, முகத்துக்கு ஒரு சோகத்தைக் கொடுத்தது. 2016இல் வந்த 'தெறி'யில் மனைவியும் தாயும் கொல்லப்படுவது நாயகன் திரும்பி வந்து அடிப்பதற்கான பெட்ரோல். கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் ஒரு பெண் சாக வேண்டும் என்ற கணக்கு நம் போலீஸ் படங்களில் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "வீட்டுக் கதை வேண்டாம்" என்று ரசிகர்கள் சலித்துக்கொள்வதற்கு இந்தப் படங்கள்தான் காரணம் என்றால், அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் சலிப்பு போய்ச் சேர வேண்டிய விலாசம் அது. விசித்திரம் என்னவென்றால், இந்தப் படங்களின் பின்கதையை யாரும் தொய்வு என்று சொன்னதில்லை. பாட்டோடு வந்து சீக்கிரம் செத்துப்போகும் குடும்பத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். உயிரோடு இருந்து கேள்வி கேட்கும் குடும்பம்தான் இழுவையாகத் தெரிகிறது.

எதிர்ப்பக்கத்தில் மிஷ்கினின் 'யுத்தம் செய்' (2011) இருக்கிறது. சேரன் நடித்த சிபிசிஐடி அதிகாரி ஜே.கே.யின் தங்கை காணாமல் போயிருக்கிறாள். நகரத்தின் பொது இடங்களில் அட்டைப் பெட்டிகளில் வெட்டப்பட்ட கைகள் கிடைக்கின்றன. விசாரணை போகப் போக, மகளுக்கு நேர்ந்த கொடுமைக்காகப் பழிவாங்கும் ஒரு மருத்துவக் குடும்பத்தின் முன்னால் அவர் வந்து நிற்கிறார். லட்சுமி ராமகிருஷ்ணன் நடித்த, அந்தக் குடும்பத்தின் தாய் அன்னபூரணியை மொட்டைத் தலையோடு பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தங்கையைத் தொலைக்காத ஓர் அதிகாரிக்கு அந்தக் குடும்பம் வெறும் குற்றவாளிக் கும்பல். ஜே.கே.வுக்கு அவர்கள் தன் வீட்டுக்காரர்கள் போல. படம் பார்க்கிறவரின் மனம் எந்தப் பக்கம் சாய்வது என்று தவிக்கிற இடம் அது ஒன்றுதான், அந்தத் தவிப்பை உண்டாக்குவது காணாமல் போன தங்கை. அவளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அட்டைப் பெட்டிகள்.

'பாபநாசம்' (2015) இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சி. கொன்றது யார், ஏன், பிணம் எப்போது மறைக்கப்பட்டது எல்லாம் பார்க்கிறவருக்கு முன்பாதியிலேயே தெரியும். பிணம் எங்கே என்ற கடைசி ஒன்றை மட்டும் படம் மடியில் வைத்துக்கொள்கிறது. யூகிப்பதற்குக் குற்றவாளியே இல்லாத படத்துக்கு ஊரெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததே, எப்படி? விசாரிக்கும் ஐஜி கீதா பிரபாகர் செத்தவனின் தாய். குளிக்கும் பெண்ணைப் படம் எடுத்து மிரட்டியவன் தன் மகன் என்ற உண்மையை நோக்கித்தான் அவருடைய அதிகாரம் முழுதும் அவரை இழுத்துக்கொண்டு போகிறது. ஆஷா சரத்தின் முகத்தில் அந்த அதிகாரமும் அந்தத் தாய்மையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைப் பார்க்கத்தான் ஜனம் உட்கார்ந்தது. ஐஜிக்குப் பதில் பிள்ளை குட்டி இல்லாத ஒரு கெட்டிக்கார அதிகாரியை வைத்து அதே கதையைச் சொல்லிப் பாருங்கள். திருடன் போலீஸ் விளையாட்டு மிஞ்சும்.

கடைசியாக ஒரு கவலை உண்டு, அது நேர்மையான கவலை. கடந்த காலத்தைக் காட்டினால் குற்றத்துக்குச் சாக்குச் சொன்னதாகாதா? சிறுவயதில் அடிபட்டவன், ஆகவே கொன்றான் என்று கொலைகாரனுக்கு அனுதாபம் தேடும் படங்கள் தமிழில் ஏராளம். ஆனால் அங்கே அழுகை வாங்கிக்கொடுப்பது குற்றவாளியின் பால்யம், துப்பறிகிறவரின் பால்யம் இல்லை. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது சோம்பேறித்தனம். 'சுழல்' குணாவுக்கு எந்தச் சாக்கும் தேடவில்லை. நந்தினிக்கும் விலக்குத் தரவில்லை. அவள் குணாவைக் கொல்கிறாள். 2025 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டாம் பருவம் அவளைச் சிறையில் வைத்துத்தான் தொடங்குகிறது. காயத்தை முழுக்கப் புரிந்துகொண்ட பிறகும் சட்டம் அவளைக் கணக்குக் கேட்கிறது. இதைவிடப் பொறுப்பாக ஒரு கதை எப்படி நடந்துகொள்ள முடியும்?

'சுழல்' குறையில்லாதது என்று வாதாட வரவில்லை. நந்தினியுடைய தாயின் மதக்குழுவைச் சந்தேகப் பொருளாக்கி இழுத்தது தேவையற்ற சுற்று. பார்க்கிறவரைத் திசைதிருப்ப வேண்டும் என்ற அந்தப் பழைய யூக விளையாட்டுக்குத் தொடர் கொடுத்த காணிக்கை அது. இரண்டாம் பருவத்தில் ஒவ்வொருத்தியாக வந்து ஒரு கொலையைத் தானே செய்ததாகச் சொல்லும் எட்டுப் பெண்கள், அஷ்டகாளி என்ற கணக்குக்குப் பொருந்தும் அளவுக்கு மனிதர்களாக வளரவில்லை. தொய்வு என்றால் இவைதான் தொய்வு. வேடிக்கை பாருங்கள், இரண்டுமே மர்மத்தைக் கூட்டுவதற்காகச் சேர்த்தவை. வீட்டுக் கதையில் இருந்த நேரமெல்லாம் தொடர் நேராகத்தான் நடந்தது.

மறுபடி ரெஜினாவிடம் வரலாம். வேலைநிறுத்தக்காரர்களை விரட்டியடித்த கை, சண்முகத்துக்குப் பரம விரோதி. ஸ்ரேயா ரெட்டி அந்த இறுக்கத்தைத் தோளிலும் தாடையிலும் வைத்து நடித்திருப்பார். காணாமல் போன பெண்ணைத் தேடத் தொடங்கியவர், தன் மகனின் பெயர் வழக்குக்குள் வந்ததும் முதலில் அதிகாரியாகவே யோசிக்கிறார். பிறகு பிணம் கிடைக்கிறது. அந்த நாளிலிருந்து அவர் செய்யும் விசாரணைக்குக் குற்ற எண் கிடையாது. ஒரே வீட்டில் வளர்ந்தவன் யாரைக் காதலித்தான், எதற்குப் பயந்தான், ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று ஒரு தாய் துப்புத் துலக்குகிறாள். ஊரில் எல்லோருடைய வீட்டுக் கதவையும் தட்டிய போலீஸ்காரி, இப்போது தன் வீட்டில் தன் மகனின் அறைக் கதவின் முன் நிற்கிறாள். கத்தரி போடச் சொல்வது இந்தக் காட்சிகளுக்குத்தான்.